கணக்கு யார் கையில?

இந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மகள் மெதுவாக விஷயத்தை எடுத்தாள். அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத் தேர்தல் வருகிறதாம். துணைத் தலைவர் பதவிக்கு அவள் நிற்கிறாளாம். இங்கே பிரிட்டனில் இது பேருக்கு ஒரு பதவி இல்லை. ஜெயித்தால் படிப்பு முடிந்த கையோடு ஒரு வருஷம் சங்க ஆபீஸில் முழுநேர வேலை, சம்பளமும் உண்டு. கைக்கு வந்திருக்கும் வேலையை ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று கம்பெனிக்கு ஏற்கெனவே ஈமெயில் போட்டுவிட்டாள்.

என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். நான், "எதுக்கும்மா இதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். நம்ம வீடுகளில் இந்த வாக்கியம் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். படிக்கப் போனா படிக்கணும், சங்கம் கிங்கம்னு சுத்தக்கூடாது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் அப்பா, எண்பத்து மூன்று வயசு, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சங்கத்துக் கணக்கு யாரு கையில?"

எனக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. 1990களில் நான் காலேஜுக்குப் போனபோது இதே அப்பா சொன்ன ஒரே புத்திமதி, "எதுலயும் பேரு குடுக்காதே, எதுலயும் கையெழுத்துப் போடாதே." நானும் சொன்ன பேச்சைக் கேட்டேன். தமிழ்ச் சங்கத்தில்கூடச் சேரவில்லை. மூன்று வருஷமும் லெக்சர், லைப்ரரி, ட்ரெயின், வீடு. பட்டம் கிடைத்தது. சிநேகிதர்கள் என்று சொல்ல இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

அப்பா பர்மாக்காரர். பெகுவில் தாத்தாவுக்கு மளிகைக் கடை. அப்பா ரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டலில் தங்கி சயன்ஸ் படித்தார். பட்டம் வாங்கவில்லை. 1964-ல் கடைகள் எல்லாம் அரசுடைமை ஆனபோது குடும்பத்தோடு மதராஸுக்குக் கப்பல் ஏறியவர்களில் அவரும் ஒருவர். கப்பல் கதை எங்களுக்கு மனப்பாடம். பாட்டி மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தது வரைக்கும் தெரியும். அந்த ஹாஸ்டல் கதை மட்டும் வந்ததே இல்லை.

நமக்கு 'ஸ்டூடண்ட்ஸ் யூனியன்' என்றால் மலிவு விலையில் காபி, வெள்ளிக்கிழமை ராத்திரிக் கூத்து, தீபாவளி ஷோ. அப்பா தலைமுறைக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். அதைச் சொல்ல ரங்கூனுக்குத்தான் போகவேண்டும்.

ரங்கூன் பல்கலைக்கழகம் 1920 டிசம்பரில் தொடங்கியது. தொடங்கிய சில நாளிலேயே மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துவிட்டார்கள். புதிய பல்கலைக்கழகச் சட்டம் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்துகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்தப் போராட்டம் தொடங்கிய நாளைத்தான் பர்மாவில் தேசிய தினமாகக் கொண்டாடுகிறார்கள். ராஜா பிறந்த நாளோ, யுத்தம் ஜெயித்த நாளோ இல்லை, மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்த நாள். அந்தப் புறக்கணிப்பிலிருந்து நாடு முழுக்கத் தேசியப் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. மாண்டலேயில் அப்படி ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர் அப்துல் ரசாக். தகப்பனார் இந்திய முஸ்லிம், தாயார் பர்மியப் பௌத்தர். பிற்பாடு அமைச்சரானார். 1947 ஜூலை 19-ம் தேதி ஆங் சானோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

1930களில் அங்கே மாணவர் சங்கம் எப்படி நடந்தது என்று பார்த்தால் நம்ம பிள்ளைகளுக்கு அந்நியமாகவே இருக்காது. வருஷா வருஷம் தேர்தல். தலைவர், துணைத் தலைவர், செயலாளர் என்று ஒரு கமிட்டி. விவாதக் கூட்டங்கள். 'ஓவே' என்று ஒரு பத்திரிகை. மயில் அகவும் சத்தத்துக்குத்தான் அந்தப் பெயர். சண்டைக்கு நிற்கும் மயில்தான் சங்கத்தின் கொடியிலும். 1935-36 கமிட்டியைப் பாருங்கள். தலைவர் நூ, சட்ட மாணவர். துணைத் தலைவர் எம்.ஏ. ரஷீத், அலகாபாத்தில் பிறந்த இந்திய முஸ்லிம். பத்திரிகை ஆசிரியர், இருபத்தோரு வயசு ஆங் சான்.

நூ ஒரு கூட்டத்தில் பல்கலைக்கழக நிர்வாகத்தைக் காரமாக விமர்சித்துப் பேசினார். பத்திரிகையில் ஓர் அதிகாரியைத் தாக்கிப் புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதினது யார் என்று நிர்வாகம் கேட்டது. ஆசிரியர் ஆங் சான் பெயரைச் சொல்ல முடியாது என்றார். இரண்டு பேரையும் வெளியேற்றினார்கள். 1936 பிப்ரவரி 25 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மாணவர்கள் ஷ்வேடகோன் பகோடா அடிவாரத்தில் போய் முகாம் போட்டார்கள். பரீட்சைகள் தள்ளிப்போயின. விசாரணைக் குழு வந்தது. ஆங் சான் திரும்பி வந்து பட்டமும் வாங்கினார்.

நம்ம கண்ணுக்குப் பட வேண்டிய விஷயம் இதற்கு அப்புறம்தான். வேலைநிறுத்தம் முடிந்தபின் சங்கத்துக்குத் தலைவரானவர் ரஷீத். அதே 1936-ல் அகில பர்மா மாணவர் சங்கம் உருவானபோது அதற்கும் முதல் தலைவர் அவர்தான். இந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1930-ல் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கு எதிராகக் கலவரம். 1938-ல் திரும்பவும் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். நம்ம ஆட்களைத் தெருவில் 'கலா' என்று மட்டமாகக் கூப்பிடுகிற ஊர். அந்த இரண்டு கலவரத்துக்கும் நடுவில் பர்மிய மாணவர்கள் ஓர் இந்தியனைத் தங்கள் தலைவனாக வைத்திருந்தார்கள். காரணத்தை நான் பெரிதாக ஊகிக்கப் போவதில்லை. ஆனால் கூடவே உட்கார்ந்து கமிட்டி வேலை பார்த்தவனை, எந்த ஊர்க்காரன் என்று கேட்காமல், ஆளாகப் பார்க்கப் பழகியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் பெண் அவள் வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண்ணாக இருந்தவள். இந்த இடம் எனக்குப் பேப்பரில் படித்துவிட்டுப் போகிற சரித்திரமாக இல்லை.

நூ சுதந்திர பர்மாவின் முதல் பிரதமரானார். ரஷீத் அவர் அமைச்சரவையில் இருந்தார். ஆங் சானை அந்த நாடே தகப்பனாக வைத்திருக்கிறது. ஒரே வருஷத்து மாணவர் கமிட்டியிலிருந்து இத்தனை பேர்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் மகள் பதில் சொன்னாள். "தாத்தா, கணக்கு யூனியன் ஆபீஸ்ல இருக்கும். வருஷா வருஷம் எல்லாருக்கும் காட்டணும். சட்டமே இருக்கு." உண்மைதான். பிரிட்டனில் 1994 கல்விச் சட்டம் மாணவர் சங்கங்களுக்குச் சில விதிகள் வைத்திருக்கிறது. முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு. சம்பளத்தோடு இருக்கும் பதவியில் மொத்தமாக இரண்டு வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொள்ள முடியாது. வரவு செலவை வெளியிட வேண்டும். எந்த மாணவரும் "எனக்கு இந்தச் சங்கமே வேண்டாம்" என்று விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரை ஒதுக்கக் கூடாது. இந்தச் சங்கத்துக்குக் கீழேதான் கிரிக்கெட், நாடகம், தமிழ் என்று எல்லாக் கிளப்புகளும். கிளப்புக்கு விதிமுறை எழுதிக் கொடுக்க வேண்டும், கமிட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பட்ஜெட் போட்டுத்தான் பணம் கேட்க வேண்டும்.

அவள் போன வருஷம் அங்கே தமிழ்ச் சங்கத்துக்கு டிரஷரர். பொங்கல் நிகழ்ச்சிக் கணக்கில் நூற்று நாற்பது பவுனுக்கு ரசீது இல்லை. யாரும் திருடவில்லை. ஒரு பையன் வாழையிலையும் பூவும் வாங்கிவிட்டு ரசீதைத் தொலைத்திருக்கிறான். "விட்டுடு, நம்ம பசங்கதானே" என்று கமிட்டியில் எல்லோரும் சொன்னார்களாம். இவள் ஆண்டுக் கூட்டத்தில் அதை அப்படியே வாசித்தாள். இரண்டு வாரம் யாரும் இவளோடு சரியாகப் பேசவில்லை. ராத்திரி எனக்கு போன் போட்டு அழுதாள். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது, "இதுக்குத்தான் சொன்னேன்" என்று வாய்வரை வந்தது. அப்பாவிடம் அன்றைக்குத்தான் இதைச் சொன்னாள்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நானும் ஹால்ல மெஸ் கணக்கு எழுதினேன். ரெண்டு டெர்ம்" என்றார். ஐம்பது வருஷமாக நான் அவருடைய மகள். இது எனக்குத் தெரியாது.

மெஸ் கமிட்டி என்றால் அரிசி, மீன், விறகு. யார் காசு கட்டினான், யார் கட்டவில்லை. சாயங்காலம் மாணவர் சங்கக் கட்டடத்துக்குப் போய் பேப்பர் படிப்பாராம், மேசைப்பந்து ஆடுவாராம். விவாதக் கூட்டத்தில் பேச மாட்டார், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். "அங்க பர்மாக்காரன், கரென்காரன், சீனாக்காரன், நாங்க, எல்லாம் கலந்துதான். அங்க மட்டும் என்னைக் கலான்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

1962 மார்ச் 2-ம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். சில மாதத்தில் ஹாஸ்டல்களுக்குப் புது விதிகள் வந்தன. அதில் ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு வாசல் பூட்டு. அவ்வளவுதான். வாசலுக்குப் பூட்டு போடும் நேரம். பேசித் தீர்க்கிற விஷயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜூலை 7, சனிக்கிழமை, மாணவர்கள் சங்கத்தில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சாயங்காலம் ராணுவம் வளாகத்துக்குள் வந்து சுட்டது. அரசாங்கம் சொன்ன சாவு எண்ணிக்கை பதினைந்தைச் சுற்றி. நூறுக்கு மேல் என்று மாணவர்கள் சொன்னார்கள். மறுநாள் விடிகாலையில் சங்கக் கட்டடத்துக்கு வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள்.

"நான் பயந்தாங்கொள்ளி. சத்தம் கேட்டதும் ஹாலுக்குள்ள ஓடிட்டேன்" என்றார் அப்பா. "காலைல ஜன்னல் எல்லாம் ஆடுச்சு. கட்டடம் போச்சுன்னு அப்புறம்தான் தெரியும். எல்லாரையும் ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க. மெஸ் நோட்டு என் பெட்டியிலயே வந்துடுச்சு. யாருகிட்ட ஒப்படைக்கிறது?"

கொஞ்சநேரம் கழித்து, "என்கூட மேசைப்பந்து ஆடுவான் ஒருத்தன். அதுக்கப்புறம் அவனைப் பாக்கல. செத்தானா, ஊருக்குப் போனானா, தெரியாது" என்றார்.

மகள் அவர் கைமேல் கையை வைத்தாள். நான் பாத்திரம் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இந்தக் கட்டடம் இருந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன், அப்போது அதன் அர்த்தம் முழுதாகப் புரியாமல். 2019 டிசம்பரில் அத்தையைப் பார்க்க யாங்கோன் போயிருந்தோம். அப்பாவின் தங்கை, அங்கேயே கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டவர். டாக்ஸி பல்கலைக்கழகப் பக்கம் போனபோது, மரங்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டி, "உங்கப்பா போவாரே யூனியன், அது அங்கதான்" என்றார். நான் போனைத் தூக்கினேன். "போட்டோ வேணாம் தாயி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது தேர்ந்தெடுத்த அரசாங்கம்தான் நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அத்தைக்குக் கை நடுங்கியது.

அந்த வெறும் இடமே ஒரு சங்கம் மாதிரி வேலை செய்திருக்கிறது. 1974-ல் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் இறந்து, உடல் ரங்கூனுக்கு வந்தது. அரசாங்கம் அவருக்கு மரியாதை செய்ய மனசில்லாமல் இருந்தது. மாணவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து, இடித்த சங்கக் கட்டடம் இருந்த இடத்திலேயே அடக்கம் செய்தார்கள். சில நாளில் ராணுவம் புகுந்து உடலை எடுத்துக்கொண்டு போனது.

1988 மார்ச்சில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் என்ன பாட்டுக் கேசட் போடுவது என்று தகராறு. மாணவனை அடித்தவன் ஓர் அதிகாரியின் மகன் என்று விட்டுவிட்டார்கள். மாணவர்கள் நியாயம் கேட்கப் போனார்கள். மார்ச் 13-ம் தேதி போன் மோ என்ற மாணவர் சுடப்பட்டு இறந்தார். ஆகஸ்ட் மாதத்துக்குள் நாடே தெருவுக்கு வந்துவிட்டது. அந்த ஆகஸ்ட் கடைசியில் மாணவர் சங்கத்தைத் திரும்பவும் நிறுவினார்கள். தலைவரான மின் கோ நைங் அடுத்த வருஷம் சிறைக்குப் போய் 2004-ல்தான் வெளியே வந்தார்.

ஒரு பத்திரிகைக் கட்டுரை, எட்டு மணிப் பூட்டு, ஒரு பாட்டுக் கேசட். சின்னச் சின்ன விஷயம் எல்லாம். மகளின் பல்கலைக்கழகத்தில் இந்த மூன்றும் ஒரு கமிட்டி ரூமில், பிஸ்கட் தட்டுக்கு முன்னால், இரண்டு மணிநேரச் சலிப்பில் தீர்ந்துபோகும். அப்படிச் சலிப்பாகத் தீர்த்துவைக்கத்தான் சங்கம். ரங்கூனில் 1936-ல் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது, கடைசியில் பேசினார்கள். 1962-ல் மேசையையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது நம்ம சொந்தக்காரர்கள் பலர் வீட்டுக் கதை. 1988-க்கும் 2000-க்கும் இடையில் பர்மியப் பல்கலைக்கழகங்கள் திறந்திருந்த காலத்தைவிட மூடியிருந்த காலம் அதிகம். இளநிலை மாணவர்களை ஊருக்கு வெளியே இருந்த வளாகங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய ரங்கூன் வளாகம் அவர்களுக்குத் திரும்பத் திறந்தது 2013 டிசம்பரில்தான், அதுவும் கொஞ்சம் பேருக்கு. 1996 டிசம்பரில் மாணவர்கள் கேட்டவற்றில் ஒன்று, சங்கம் வைக்க உரிமை. 2014-ல் தேசியக் கல்விச் சட்டம் வந்தபோதும் கேட்டது அதையேதான். அதற்காக நடந்தே வந்தவர்களை 2015 மார்ச் 10-ம் தேதி லெபடான் என்ற ஊரில் போலீஸ் அடித்துக் கைது செய்தது. அத்தை மகன் 1996-ல் முதல் வருஷம். காலேஜ் மூடியது, தபால் வழியில் படித்து முடித்தான், இப்போது செல்போன் கடை.

"நம்ம புள்ளைங்க கிளப்புக்குக்கூடப் போகாது" என்று அத்தை பெருமையாகவே சொன்னார். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அங்கே நம்ம ஆட்கள் நிறையப் பேருக்கு முழுக் குடியுரிமை அட்டையே கேள்விக்குறி. கையில் இருக்கிற அட்டை அரைகுறை என்றால் எந்தப் பெற்றோரும் பிள்ளையை வரிசையில் கடைசியில்தான் நிற்கச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதை அப்பா லண்டனுக்கும் பெட்டியில் எடுத்து வந்தார், எனக்குக் கொடுத்தார், நான் அதை மகளுக்குக் கொடுக்க இருந்தேன். இங்கே அவள் கையில் இருப்பது முழு பாஸ்போர்ட் என்பது எனக்கு ஏன் மறந்துபோனது என்று தெரியவில்லை.

2021 பிப்ரவரியில் திரும்ப ராணுவ ஆட்சி வந்தபோது ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அத்தையின் பேத்தி அப்போது இரண்டாம் வருஷம். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. என்ன செய்கிறாள் என்று போனில் அத்தை சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

மகளுக்கு நான் "நில்லு" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அவள் வாக்குறுதியில் முதல் வரி, பரீட்சைக் காலத்தில் லைப்ரரியை ராத்திரி பத்துக்கு மூடக்கூடாது என்பது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்கு எட்டு மணி. உனக்கு ரெண்டு மணி நேரம் ஜாஸ்திதான்."

கம்பெனி ஒரு வருஷம் காத்திருக்கச் சம்மதித்தது. தேர்தலில் ஜெயித்தாள், கொஞ்ச ஓட்டில். ஜூலையில் பொறுப்பேற்பதற்கு முன்னாடி தாத்தாவிடம் கேட்டாள், முதல் கூட்டத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று.

"போன கூட்டத்து மினிட்ஸை வாசி. எல்லாரும் ஒத்துக்கிட்டா கையெழுத்துப் போடு."

கையெழுத்து என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. போன வாரம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையை அவள் அவருக்கு பிரின்ட் எடுத்து அனுப்பியிருந்தாள், பெரிய எழுத்தில். இரண்டு நாளாகக் கண்ணாடியும் பென்சிலுமாக அதோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தப்பாம். சாயங்காலம் அவளுக்கு போன் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.